கவசத்தின் உட்பக்கம்

சந்தேகத்தால் அழிந்த கவசம் ஒன்று உண்டு. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அமாசிஸ், ரோட்ஸ் தீவின் லிண்டோஸில் இருந்த அதீனா கோயிலுக்கு லினன் நூலால் ஆன மார்க்கவசம் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார். அதன் ஒவ்வோர் இழையும் 360 மெல்லிய நூல்களால் ஆனது என்பது ஹெரோடோட்டஸ் தரும் தகவல். சுமார் ஐந்நூறு ஆண்டு கழித்து மூத்த பிளினி அதே கவசத்தைப் பற்றி எழுதும்போது கணக்கு 365 ஆகியிருந்தது. சொல்லிச் சொல்லி ஐந்து நூல் கூடியிருக்கிறது. ரோமானிய கான்சல் மூசியானஸ் அதை நேரில் பார்த்துவிட்டுச் சொன்னதாகப் பிளினி தரும் செய்திதான் சுவையானது. வந்தவரெல்லாம் நூலை எண்ணிப் பார்க்க இழையைப் பிரித்துப் பிரித்து, கவசத்தில் சொற்பமே மிஞ்சியிருந்ததாம்.

இழை பிரித்தவர்களை அற்பர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்டது சரியான கேள்வி, கேட்ட முறைதான் தவறு. கவசத்தின் உயிர் அதன் உட்பக்கத்தில் இருக்கிறது. எது எதோடு பிணைந்திருக்கிறது, பாரம் எந்த எலும்பின் மேல் இறங்குகிறது, வியர்வை எங்கே போய்த் தேங்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. கர்ணனின் கவசத்துக்குக் கொக்கி கிடையாது. உடம்போடு பிறந்ததை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. காவியத்துக்கு அது போதும். பிறந்த மேனியோடு பிறந்த மற்றவர்களுக்குக் கவசத்தை யாராவது மாட்டிவிட வேண்டும், இறுக்க வேண்டும், பொழுது சாய்ந்ததும் அவிழ்க்க வேண்டும். பழைய போர்களை மறுபடி நடத்திக் காட்டும் மீள்நிகழ்த்துக் குழுக்களுக்காக இன்று கவசம் செய்கிறவர்கள் வரலாற்றுக்கு உருப்படியாக எதையாவது தந்திருக்கிறார்கள் என்றால் அது இந்த உட்பக்கம்தான். சிற்பியும் ஓவியனும் காட்டாமல் விட்டதை அவர்கள் செய்து பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. ஆனால் அதே உட்பக்கம் அவர்களுடைய ஊகங்கள் ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருக்கிறது. செய்துமுடித்த கவசத்தை ஒருவர் அணிந்து நின்றதும், எது ஆதாரம் எது அனுமானம் என்பது பார்வையாளனின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தக் கைத்தொழிலைப் புகழவும் முடியாது, இகழவும் முடியாது.

ரோமானியக் கவசத்தை எடுத்துக்கொள்வோம். ரோமானியப் படைவீரன் என்றதும் உலகம் முழுக்க மனத்தில் எழும் உருவம், இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காக விலாவைச் சுற்றி வளைந்திருக்கும் உடற்கவசம். அதை லோரிகா செக்மென்டாட்டா என்று அழைக்கிறோம். அந்தப் பெயரை எந்த ரோமானியனும் கேட்டிருக்க மாட்டான்; அது 16ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சூட்டியது. உருவம் வந்ததோ ரோம் நகரில் கி.பி. 113இல் நிறுவப்பட்ட டிராஜன் தூணிலிருந்து. சுமார் 30 மீட்டர் உயரத் தூணைச் சுற்றி ஏறும் சிற்பப் பட்டையில் லீஜியன் வீரர்கள் பட்டைக் கவசத்திலும், துணைப்படையினர் வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசத்திலும் வரிசை மாறாமல் நிற்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் ரோம் நகரத்துக்காரனுக்கு இவன் யார், அவன் யார் என்று புரியவேண்டும். சிற்பியின் கவலை அத்தோடு முடிந்தது. பட்டைகளை உள்ளே எது பிடித்திருக்கிறது, மனிதன் அதற்குள் எப்படி நுழைகிறான் என்பது கல்லின் வேலையல்ல. ஆகவே இந்தத் தூணை மட்டும் நம்பிக் கவசத்தை வரைந்தவர்களில் பலர், தோல் சட்டை ஒன்றின்மேல் பட்டைகளைத் தைத்ததாகக் கற்பனை செய்தார்கள். வேறு சிலர் பட்டையே தோல்தான் என்றார்கள். திரைப்படங்களில் இன்றும் அந்தத் தோல் பட்டைகள் உலாவுகின்றன.

1964இல் இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் சுவருக்கு அருகிலுள்ள கோர்பிரிட்ஜில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. தோல் போர்த்திய மரப்பெட்டி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாரோ அதில் ஈட்டிமுனைகள், ஆணிகள், தச்சுக் கருவிகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் திணித்துப் புதைத்திருந்தார்கள். அவற்றோடு பட்டைக் கவசத்தின் பகுதிகளும் இருந்தன. இரும்பு முழுக்கத் துருவாகியிருந்தது. ஆனால் இரும்பைத் தின்ற துருவே அதோடு ஒட்டியிருந்த தோல், மரம், துணி ஆகியவற்றின் அச்சைத் தன்னுள் வாங்கிக் காப்பாற்றியிருந்தது. எந்தத் தகட்டுக்கு அடியில் எந்தத் தகடு, எந்தத் தறையாணி எந்த வாரில் இறங்கியது என்பதை முதன்முறையாக நிலைமாறாமல் பார்க்க முடிந்தது. அகழ்வாய்வை நடத்திய சார்ல்ஸ் டேனியல்ஸோடு சேர்ந்து, லண்டன் கோபுரத்தின் ஆயுதச்சாலையில் பணியாற்றிய ஹென்றி ரஸல் ராபின்சன் அதைத் தகட்டில் செய்து பார்த்தார். தோல் சட்டை என்று எதுவும் இல்லை. கவசம் நான்கு பகுதிகள்: இரண்டு தோள்பட்டைத் தொகுதி, இரண்டு விலாத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியின் உள்ளேயும் மேலிருந்து கீழாகச் சில தோல் வார்கள் ஓடுகின்றன. தகடுகள் அவற்றில்தான் தறையப்பட்டிருக்கின்றன. ஆகவே கவசம் இறால் ஓடுபோல மடங்கி நீள்கிறது. குனிந்தால் தகடு தகட்டின்மேல் வழுக்கி உள்ளே போகிறது. கழற்றி மடித்தால் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். கோர்பிரிட்ஜிலும் அப்படித்தானே அடங்கியிருந்தது.

தாளில் வரைவதற்கும் தகட்டில் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. வரைபடத்தில் எல்லாக் கவசமும் எல்லாருக்கும் பொருந்தும். செய்து மாட்டியதும் கேள்விகள் உடம்பிலிருந்து கிளம்பும். தோள்பட்டைத் தொகுதியை வெறும் அங்கியின்மேல் அணிந்தால் மனிதத் தோள் சரிவானது என்பதால் அது இருபுறமும் தொங்கிப்போகிறது; மார்புத் தகடுகள் நடுவில் நேராகச் சந்திக்க மறுக்கின்றன; கழுத்தோரம் அறுக்கிறது. தோளில் திண்டுபோல எதையாவது வைத்தால் எல்லாம் இடத்துக்கு வருகிறது. ரோமானியச் சிற்பங்கள் தெளிவாகக் காட்டாத ஓர் உள்ளாடையைப் பற்றி ஆய்வாளர்கள் அக்கறையோடு பேச ஆரம்பித்ததற்கு இந்தத் தோள்வலியும் ஒரு காரணம். இதுபோலவே பித்தளைக் கீல்கள். தோள்தகடுகளை இணைக்கும் அழகான இதழ்வடிவக் கீல்கள், அணிந்து நடக்கும் இன்றைய குழுக்களின் கவசங்களில் அடிக்கடி முறிகின்றன, வளைகின்றன, கழன்று விழுகின்றன. 1972இல் இங்கிலாந்தில் தொடங்கிய எர்மின் ஸ்ட்ரீட் கார்ட் போன்ற குழுக்கள் இப்படிப் பல பத்தாண்டுகள் அணிந்து தேய்த்தவை. செய்தவரின் கைக்குறை என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் ரோமானியப் படைமுகாம்கள் இருந்த மண்ணைத் தோண்டினால் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் கவசத்துண்டு எது என்று கேட்டால், அதே கீலின் உடைந்த பாதிதான். பித்தளையும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு விரைந்து அரிக்கப்படும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட்டில் ஜேம்ஸ் கர்ல் 1905 முதல் 1910 வரை நடத்திய அகழ்வில் கிணற்றுக் குழி ஒன்றிலிருந்து கிடைத்த, காலத்தால் பிந்திய வகையில் அந்த நுணுக்கமான கீல்களைக் காணோம். அவற்றின் இடத்தில் வெறும் தறையாணி. சிறு பக்கிள்களுக்குப் பதில் முரட்டுக் கொக்கி. தகட்டுக் கொல்லன் ஒருவன் அலுத்துப்போய், “இந்த அலங்காரமெல்லாம் வேண்டாம்” என்று முடிவெடுத்த தருணத்தை அதில் பார்க்கிறேன். இன்றைய கவசம் உடைந்திராவிட்டால் அந்த மாற்றம் நாகரிக மோகமாகவோ சிக்கனமாகவோ மட்டும் விளக்கப்பட்டிருக்கும்.

இதுவரை சொன்னது புகழ்ச்சி. இனி மறுபக்கம். ராபின்சனின் ஆக்கம் அத்தனை நிறைவாக இருந்ததுதான் பின்னாளில் வில்லங்கமாயிற்று. 1975இல் வெளியான அவருடைய நூலுக்குப் பிறகு அவர் செய்த வடிவமே ரோமானியன் என்றாகிவிட்டது. கோர்பிரிட்ஜ் பெட்டியில் இருந்த கவசங்களே ஒரே மாதிரியானவை அல்ல. மேல்தொகுதியை விலாத்தொகுதியோடு இணைக்க ஒரு வகையில் வாரும் பக்கிளும், இன்னொன்றில் கொக்கி. டிராஜன் தூண் காட்டுவது டான்யூப் நதிக்கு அப்பால் நடந்த டேசியப் போர்களை; அதே போர்களின் நினைவாக, இன்றைய ருமேனியாவின் அடம்க்லிஸியில் கி.பி. 109இல் எழுப்பிய வெற்றிச் சின்னத்தில் இருக்கும் வீரர்கள் சங்கிலிக் கவசமும் செதில் கவசமும் அணிந்திருக்கிறார்கள். வலக்கையில் பட்டை பட்டையாகக் கைக்கவசம். டிராஜன் தூணின் பட்டைக் கவசத்துக்கு அங்கே இடமே இல்லை. தலைநகரத்துச் சிற்பிக்கும் எல்லைப்புறத்துச் சிற்பிக்கும் இடையே இவ்வளவு தூரம். இருந்தும் மீள்நிகழ்த்துக் களத்தில் பட்டைக் கவசம் பளபளவென்று வரிசைகட்டி நிற்கிறது, ஏனென்றால் பார்வையாளர் எதிர்பார்ப்பது அதைத்தான். அந்த வரிசையைப் புகைப்படமெடுத்து பாடநூலில் போடுகிறார்கள். பாடநூலைப் பார்த்து அடுத்த குழு கவசம் வாங்குகிறது. அது இன்று பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்றால், நம் நாட்டிலிருந்து. ஐரோப்பா, அமெரிக்கக் குழுக்கள் அணியும் மலிவுவிலைக் கவசங்களிலும் தலைக்கவசங்களிலும் கணிசமானவை டேராடூனிலும் மீரட்டிலும் உள்ள பட்டறைகளில் அடிக்கப்படுபவை. அந்தப் பட்டறைத் தொழிலாளியின் முன்னால் கோர்பிரிட்ஜின் துருப்பிடித்த தகடு இல்லை; ஒரு மாதிரிக் கவசமோ படமோதான் இருக்கிறது. மாதிரியில் இருந்த ஊகம் அவர் கையில் அளவாகிறது, அளவு வழக்கமாகிறது. அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கேட்டதைச் செய்கிறார், கூலிக்கு மிஞ்சிய நேர்த்தியோடு செய்கிறார்.

ஊகம் உண்மையாக உறைந்துபோன கதைகளில் மிகப் பெரியது லினன் கவசத்தின் கதை. ஹோமர் தம் இலியட் காவியத்தின் கப்பல் பட்டியலில் ஒருவனுக்கு லினன் மார்பன் என்று அடைமொழி தருகிறார். கிரேக்கப் பூச்சாடிகளில் உடலைக் குழாய்போலச் சுற்றிவந்து, தோள்மேல் இரண்டு பட்டைகள் மடிந்து கட்டப்படும் வெள்ளைக் கவசம் நூற்றுக்கணக்கில் உண்டு. பொம்பெயியில் கிடைத்து இப்போது நேப்பிள்ஸில் இருக்கும் மொசைக்கில் அலெக்சாந்தரும் அவ்வகைக் கவசத்தில்தான் குதிரையேறி வருகிறார். எஞ்சியிருக்கும் உண்மைக் கவசமோ கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பூச்சாடிகளில் கட்டாமல் விட்ட தோள்பட்டை விறைப்பாக மேலெழும்பி நிற்பதைப் பார்த்து, இது வெறும் துணியாக இருக்க முடியாது என்று முடிவுசெய்தார்கள். பீட்டர் கானலி லினனை அடுக்கடுக்காகப் பசைபோட்டு ஒட்டிக் கவசம் செய்தார். அவருடைய ஓவியங்கள் நிறைந்த நூல்கள் அதைப் பரப்பின. பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்தில் கிரெகரி ஆல்ட்ரெட்டும் அவருடைய மாணவர் ஸ்காட் பார்டெல்லும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, பசையிட்ட லினன் அடுக்குகளின்மேல் அம்பெய்து பார்த்து 2013இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒட்டிய லினன் அக்காலத்து அம்பைத் தாங்கும் என்று காட்டினார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் காட்டாதது, காட்டவும் முடியாதது, கிரேக்கன் பசைச்சட்டியை எடுத்தான் என்பதை. பண்டை நூல்கள் எதுவும் பசையைச் சொல்லவில்லை. அடுக்குகளைத் தையலால் இறுக்கினாலும் விறைப்பு வரும். நூலையே தடிமனாக முறுக்கி நெருக்கி நெய்தாலும் வரும். அமாசிஸின் இழைக்கணக்கு இந்தக் கடைசி வழியைத்தான் நினைவூட்டுகிறது. வெள்ளைப் பூச்சு பூசிய தோலாகவும் இருந்திருக்கலாம். ஒட்டிய லினன் வேலைசெய்யும் என்பது ஒன்று, அதுதான் வழக்கில் இருந்தது என்பது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கையால் செய்த பொருளின் கனம் மூடிவிடுகிறது. கண்முன் ஒருவர் நெஞ்சில் அம்பை வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கும்போது யார்தான் பசையைப் பற்றிக் கேட்பார்?

இப்படியென்றால் செய்யாமலே இருந்துவிடலாமே, துருவைத் துருவாகவே கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. ஆனால் செய்யாமலிருப்பது ஊகிக்காமலிருப்பது ஆகாது. பேழைக்குள் கிடக்கும் ஐந்தாறு தகடுகளைப் பார்க்கும் எவரும் மனத்துக்குள் ஒரு முழுக் கவசத்தைப் பொருத்திக்கொண்டுதான் நகர்கிறார். அந்த மனக்கவசத்துக்கு எடை இல்லை, அது யார் கழுத்தையும் அறுப்பதில்லை, ஆகவே அதைத் திருத்தவும் வழியில்லை. 1964க்கு முன்பு வரையப்பட்ட தோல்சட்டைகள் இப்படித்தான் சௌகரியமாக நீடித்தன. தகட்டில் செய்த ஊகம் குறைந்தபட்சம் தோற்கவாவது செய்யும். மனக்கவசத்துக்கும் ஓவியக்கவசத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கவசத்தை மறுபடி செய்யலாம், அதை அணிந்த உடம்பை மறுபடி செய்ய முடியுமா? வார இறுதியில் மட்டும் கவசம் போடும் கணக்கரின் மூச்சிரைப்பை வைத்து, பதினைந்து வயதிலிருந்து ஆயுதம் பழகியவனின் மூச்சை அளக்கலாமா? அளக்கக்கூடாதுதான். ஆனால் பயிற்சியால் மாறாத சில உண்டு. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஆஸ்க்யூவும் சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். 15ஆம் நூற்றாண்டு முழுக்கவசத்தின் நகல்களை அணிந்து பழக்கப்பட்டவர்களை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் விட்டு, அவர்கள் இழுக்கும் பிராணவாயுவை அளந்தார்கள். கவசங்களின் எடை 30 முதல் 50 கிலோ. நடப்பதற்கான ஆற்றல் இரண்டு மடங்குக்குமேல் எகிறியது. அதே எடையை முதுகில் மூட்டையாகச் சுமந்தால்கூட இவ்வளவு ஆகாது. காரணம், கவசத்தில் சில கிலோ காலில் இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அதையும் சேர்த்து வீசவேண்டும். மார்புத் தகடு நெஞ்சை விரியவிடாததால் மூச்சு ஆழமாகப் போகாமல் மேலோட்டமாக, அடிக்கடி வாங்கப்படுகிறது. எந்த ஓவியத்திலிருந்தும் எந்தப் போர்க்குறிப்பிலிருந்தும் இது கிடைத்திருக்காது. கவசத்தோடு வீரனைக் குதிரைமேல் ஏற்றப் பாரந்தூக்கி வேண்டும் என்றொரு கட்டுக்கதை உண்டு. லாரன்ஸ் ஒலிவியரின் 1944ஆம் ஆண்டுப் படமான ‘ஐந்தாம் ஹென்றி’யில் அந்தக் காட்சியே வரும். நல்ல கவசத்தில் குதிரையேறலாம், விழுந்து எழலாம், குட்டிக்கரணமும் போடலாம் என்று செய்துகாட்டி மீள்நிகழ்த்துவோர் அதை முறியடித்தார்கள். ஆனால் முறியடித்த உற்சாகத்தில் கவசம் பாரமே இல்லை என்ற எதிர்க்கதையையும் கிளப்பிவிட்டார்கள். ஓடுபொறி இரண்டையும் தட்டிவைத்தது. குட்டிக்கரணம் ஒரு நொடி வேலை. சேற்று வயலைக் கடந்து எதிரியை எட்டுவது வேறு கணக்கு.

இத்தகைய சோதனை எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதற்கு டென்ட்ரா கவசத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கிரேக்கத்தின் ஆர்கோலிட் பகுதியில் 1960இல் ஒரு கல்லறையிலிருந்து எடுத்தது. ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழமை. கழுத்தை வாய்வரை மறைக்கும் உயரமான வெண்கல வளையம், மணிபோல விரிந்த தோள்கள், இடுப்புக்குக் கீழே தொங்கும் பட்டைகள். பார்த்தால் ஆளைவிட அடுப்புக்குப் பொருத்தமானதாகத் தெரியும். இதைப் போட்டுக்கொண்டு சண்டையா, சடங்குக்கான ஆடம்பரமாக இருக்கும் என்று நெடுங்காலம் பலர் ஒதுக்கினார்கள். 2024இல் வெளியான ஆய்வு ஒன்றில் கிரேக்க ஆயுதப்படைகளைச் சேர்ந்த 13 பேர் அதன் நகலை அணிந்து, இலியட் காவியத்தில் வரும் சண்டை வகைகளின் அடிப்படையில் வகுத்த பயிற்சியை 11 மணிநேரம் செய்துமுடித்தார்கள். கேட்பதற்கு அபாரமாக இருக்கிறது, செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதின. ஆனால் நிரூபணமானது என்ன? அணிந்து போரிட முடியாது என்ற வாதம் விழுந்தது. அணிந்து போரிட்டார்கள் என்பது அதனால் எழுந்துவிடவில்லை. நீதிமன்ற மொழியில் சொன்னால், எதிர்த்தரப்புச் சாட்சி தள்ளுபடியானது, அவ்வளவுதான். நகல் கவசத்தால் செய்யக்கூடிய உச்சபட்ச வேலை பெரும்பாலும் இதுவே, இதுவும் சிறிய வேலையல்ல.

இரும்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக அப்பாவித்தனமாகத் தோன்றும் ஊகம் அங்கே இருக்கிறது. இன்றைய கவசம் உருளை ஆலையிலிருந்து வரும் எஃகுத் தகட்டில் வெட்டப்படுகிறது. மூலைக்கு மூலை ஒரே தடிமன், ஒரே கடினம். அந்தக் காலத்துக் கொல்லன் இரும்புக் கட்டியைச் சம்மட்டியால் அடித்து விரித்தான். ஐரோப்பிய இடைக்காலப் பிற்பகுதியின் மார்புத் தகடுகளை அளந்தால் முன்நடுவில் தடிப்பாகவும் பக்கவாட்டில் மெலிந்தும் இருக்கும். குத்து விழும் இடத்தில் இரும்பைச் சேர்த்து, விழாத இடத்தில் எடையைக் குறைத்திருக்கிறார்கள். ஆலன் வில்லியம்ஸ் நூற்றுக்கணக்கான கவசங்களின் உலோகத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட பெருநூலைப் புரட்டினால் ஒரே நூற்றாண்டில் கசடு நிறைந்த மென்னிரும்பும், நன்றாகப் பதமேற்றிய எஃகும் அக்கம்பக்கமாக விற்றிருப்பது தெரிகிறது. ஆகவே இன்றைய சீர்த்தகட்டின்மேல் அம்பெய்துவிட்டு, இடைக்காலக் கவசம் தாங்கியது, தாங்கவில்லை என்று பொதுப்படச் சொல்வது அர்த்தமற்ற பேச்சு. எந்த ஊர்க் கவசம், யார் வாங்கியது, அதில் எந்தப் பகுதி என்று கேட்க வேண்டும். தடிமன் மாறும் தகட்டை இன்றும் அடிக்கத் தெரிந்த கைவினைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். விலை கட்டுப்படியாகாது என்பதால் அவர்களிடம் போகிறவர்கள் குறைவு.

விளையாட்டுத்தனம், வன்முறை மோகம் என்ற குற்றச்சாட்டு எஞ்சியிருக்கிறது. அதற்கு அதிக இடம் தர விரும்பவில்லை, ஏனென்றால் அது பாதி உண்மை. 1839 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எக்லின்டன் பிரபு இடைக்காலக் குதிரைச் சண்டையைப் பெருஞ்செலவில் மறுபடி நடத்தினார். சாமுவேல் பிராட் என்ற லண்டன் பழம்பொருள் வணிகர் கவசங்களை ஏற்பாடுசெய்தார். சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டபோது மழை கொட்டித் தீர்த்தது. கனவான் ஒருவர் குடை விரித்ததைச் சொல்லி ஊரே சிரித்தது. அந்தக் கூட்டத்துக்கு வேண்டியிருந்தது கடந்தகாலம் அல்ல, கடந்தகாலத்தின் உடை. இன்றைய முழுவீச்சு மோதல் போட்டிகளிலும் இதன் இன்னொரு வடிவத்தைக் காண்கிறேன். அங்கே கவசம் மழுங்கிய ஆயுதத்தின் அடியைத் தாங்கவே செய்யப்படுகிறது. விரல் முறியாதிருக்கக் கைக்கவசம் பருக்கிறது, மூளை குலுங்காதிருக்கத் தலைக்கவசத்தின் உள்மெத்தை கூடுகிறது, சிலர் டைட்டானியத்துக்கும் போகிறார்கள். அதில் தவறில்லை, அது அந்த விளையாட்டின் நியாயம். கூரான ஈட்டிமுனைக்கு அஞ்சியவன் வேறு கவசம் செய்தான் என்பதை மறக்காதவரை சரி. ஆனால் எக்லின்டனைப் பார்த்துக் கோர்பிரிட்ஜையும் சேர்த்து ஏளனம் செய்ய முடியாது. ஒரு கவசம் விளையாட்டா ஆய்வா என்பதை அணிகிறவரின் நோக்கம் தீர்மானிப்பதில்லை. உடைந்ததும் அவர் என்ன செய்கிறார் என்பதே தீர்மானிக்கிறது: இன்னும் தடிமனான கீலைப் போட்டு மறைக்கிறாரா, எந்த இடத்தில் எத்தனையாவது நாள் உடைந்தது என்று குறித்துவைக்கிறாரா.

சுவரோவியங்களைச் சீர்செய்யும் இத்தாலியர்கள் இதே சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். 1939இல் ரோமில் தொடங்கிய மத்தியச் சீரமைப்பு நிறுவனத்தில், செசாரே பிராண்டியின் தலைமையில் உருவான முறை அது. உதிர்ந்த இடங்களை நிரப்பும்போது மெல்லிய நேர்கோடுகளால் மட்டும் வண்ணமிடுவார்கள். எட்ட நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் எது பழையது, எது நிரப்பியது என்று கோடே காட்டிக்கொடுக்கும். கவசத்தில் இது இன்னும் எளிது, ஏனென்றால் உட்பக்கம் யாருக்கும் தெரிவதில்லை. அகழ்வில் சான்றுள்ள வாரை ஒரு நிறத் தோலிலும், ஊகித்த வாரை வேறு நிறத் தோலிலும் போடலாம். ஊகித்த துளைகளில் தறையாணியின் தலையைத் தட்டையாக்காமல் விடலாம். வெளியே பளபளப்பு குன்றாது. கழற்றிப் புரட்டிய எவருக்கும் செய்தவரின் தயக்கம் புலப்படும். செலவும் அதிகமில்லை. மலிவுக் கவசம் அடிக்கும் பட்டறைக்குக்கூட இரண்டு நிறத் தோல் வாங்குவது பெரிய காரியமல்ல. ஆனால் வாங்குகிறவர் கேட்க வேண்டும், கேட்பதற்கு அவர் முதலில் தம் கவசத்தைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

திருப்பிப் பார்க்க வேண்டிய அவசரம் இப்போது கூடியிருக்கிறது. ஜெர்மனியின் கால்கிரீஸில், கி.பி. 9இல் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று லீஜியன்கள் அழிந்த களமாகப் பலரும் கருதும் இடத்தில், 2018இல் ஒரு பட்டைக் கவசம் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. கோர்பிரிட்ஜ் கவசங்களைவிட நூறாண்டு மூத்தது. அதை மண்கட்டியோடு பெயர்த்து ஃப்யூர்ட் நகரத்திலுள்ள பிரமாண்ட ஊடுகதிர்ப் பொறியில் வைத்து, தொடாமலே உள்ளே பார்த்தார்கள். லிண்டோஸில் இழை பிரித்தவர்களுக்குக் கிடைக்காத வசதி. கவசத்தோடு கழுத்தையும் கைகளையும் பூட்டும் இரும்பு விலங்கு ஒன்றும் கிடந்தது; அணிந்திருந்தவன் உயிரோடு பிடிபட்டிருக்கலாம். இனி இதன் நகல்கள் வரும், ஆண்டுதோறும் நடக்கும் விழாக்களில் அவை அணிவகுக்கும், ராபின்சனின் வடிவம் பழையதாகும். தகடும் பக்கிளும் எங்கே இருந்தன என்பது ஊடுகதிரில் தெரிந்துவிட்டது. கம்பளியும் துணியும் அப்படித் தெரிவதில்லை.

அதைப் பற்றி எழுதியவர் என்று ஒருவர் உண்டு; பெயர் தெரியாது. பட்டைக் கவசத்தின் காலமெல்லாம் கடந்த பிறகு, கி.பி. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியதாகப் பலரும் கருதும் படைத்தளவாட நூல் ஒன்றில், கவசத்தின் கீழ் அணிய வேண்டிய அழுத்திய கம்பளி அங்கியை விவரிக்கிறார். இரும்பின் எடையும் உறுத்தலும் உடம்பைப் புண்ணாக்காதிருக்கவும், குளிருக்கும் அது தேவை என்கிறார். இன்று குழுக்களில் தைத்து அணியும் உள்ளங்கிகள் பலவற்றுக்கும் ஆதாரமாகக் காட்டப்படுவது இந்தச் சில வரிகள்தான். பெரும்பாலோர் அதில் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் அங்கே நிற்கவில்லை. மழையில் கம்பளி ஊறினால் கனம் கூடி வீரனை வதைக்கும், ஆகவே அதன்மேல் நன்றாகப் பதனிட்ட லிபியத் தோலால் இன்னொரு சட்டை போட வேண்டும் என்று சேர்க்கிறார்.